மூன்று மணிப் பாட்டு

எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை ஆனால் யாராவது ஒரு கேள்வி போடுவார்கள். போன மழைக்காலத்தில் அப்படி வந்த கேள்வி: உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, அதோடு ஒட்டிய நினைவு என்ன? ஒருவர் தன் கல்யாண ஊர்வலத்தில் பேண்டுக்காரர்கள் சுருதி பிசகி வாசித்ததை எழுதினார். இன்னொருவர் பரீட்சையில் தோற்ற நாளில் டீக்கடையில் கேட்டதை எழுதினார். நான் ஒரு பிரெஞ்சுப் பாட்டை எழுதினேன்.

பொய் இல்லை. பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்தவள் நான். மதிப்பெண் அள்ளலாம் என்றுதான் எடுத்தேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை. எங்கள் டீச்சர் வகுப்பில் போட்டுக் காட்டிய பாட்டு அது. அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் அதை முணுமுணுத்துக்கொண்டு நடந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் வீட்டில் படித்த ஒரே ஆளும் நான்தான். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போவதே ஓட்டுப் போடத்தான். அப்பாவுக்கு டெம்போ ஓட்டத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். ஆகவே, பாட்டின் அர்த்தம் முக்கால்வாசி புரியும், புரியாத கால்வாசிதான் அழகு என்று குழுவில் கொஞ்சம் நீட்டியே எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் சூப்பரின்டெண்ட் மேடம் என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒனக்குப் புடிச்சது பிரெஞ்சுப் பாட்டா? ஒங்க வீட்டுல வேற பாட்டு இல்ல ஓடுது?"

சொல்லிவிட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டை முனகிக் காட்டினார். மழையில் நின்றுகொண்டு ஒருத்தன், விட்டுப் போனவளைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சும் பாட்டு. கெஞ்சுகிறானா, குடித்திருக்கிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முந்தின வாரம் நான் காய்ச்சலில் போனை அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது, மேடம் அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவின் காலர் ட்யூன் அது.

"ஒங்கப்பா எடுக்கவே இல்ல. மறுபடியும் போட்டேன். பாவம்மா, அந்த ஆளு ரொம்ப அழுவுறான்."

எங்கள் பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் கையை நீட்டினேன். "போனைக் குடுப்பா." கேள்வி கேட்காமல் கொடுத்தார். எங்கள் வீட்டில் எழுத்து, எண், ஓடிபி என்று எது வந்தாலும் என் இலாகா. இரண்டு நிமிடத்தில் பாட்டை எடுத்துவிட்டேன்.

"எம் போன்ல பாட்டு இருந்துச்சா?" என்றார் அப்பா.

"மூணு நாலு வருஷமா இருக்குதுப்பா."

"எனக்குக் கேக்கவே இல்லியே."

"ஒனக்கு எப்பிடிக் கேக்கும்? ஒனக்குப் போன் போடறவங்களுக்குத்தான் கேக்கும்."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "அதான பாத்தேன். ஸ்டாண்டுல என்னப் பாத்தாலே, 'இன்னாண்ணே, இன்னிக்கி மழையா'ன்னு கேப்பானுங்க. வெயில் மண்டையப் பொளக்கும்."

மறுநாள் வேலையிலிருந்து வந்த அம்மா செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள். "இந்தாய்யா, ஒன் போனுக்கு இன்னா ஆச்சி? வெறும் மணியா அடிக்குது."

நான்தான் எடுத்தேன் என்று நிமிர்ந்து சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவின் கூடையில் கண் மங்கிய மீனைப் பார்க்கும் பார்வை.

"யாரக் கேட்டு எடுத்த?"

"ஆபீஸ்ல சிரிக்கிறாங்கம்மா."

"சிரிச்சிட்டுப் போவட்டும். ஒம் பல்லா கொட்டிடும்?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேச்சில்லை. தட்டு மட்டும் பேசியது. வைக்கிற சத்தத்திலேயே எனக்குச் சோறு பாதிதான் இறங்கியது.

மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. அம்மா குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அம்மாவுக்குச் சமையற்கட்டு வேலை. விருந்தாளிகள் சாப்பிட்டு முடிந்தபின், மூன்று மணிக்குத்தான் சமையற்கட்டு ஆட்களுக்குச் சோறு. நான் குடையோடு போனபோது கொல்லைப்பக்கம் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதில் பெரியவர், முன்பு பஞ்சு மில்லிலும் அம்மாவோடு வேலை பார்த்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதா ஒன் பொண்ணு? எங்க பாட்ட நிறுத்தன மகராசி?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தினமும் மூன்று மணிக்கு, கவிழ்த்த குண்டான்மேல் அம்மாவின் பட்டன் போனை வைத்து, அப்பாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, மூன்று பேரும் சாப்பிடுவார்கள். அப்பா வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார்.

"பாட்டு முழுசா ஓடனா வண்டி ஓடுதுன்னு அர்த்தம்," என்றார் பெரியவர். "நடுவுல எடுத்தாரு வையி, ஆள் ஏறாம ஸ்டாண்டுல குந்திக்கினு இருக்காரு. அன்னிக்கி ஒங்கம்மாவுக்கு சோறு எறங்காது."

"வெறும் மணி அடிச்சாலும் அது தெரியுமேம்மா," என்றேன் நான், படித்தவள் இல்லையா.

அம்மா இரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "தெரியும். வெறுஞ்சோறு துன்னாலுந்தான் வயிறு ரொம்பும்."

சமாதானமாக, என் போனில் அந்தப் பாட்டைத் தேடி முதலிலிருந்து கடைசிவரை போட்டேன். மூன்று பேரும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் அம்மா கேட்டாள், "அவ வரவே இல்லியா?"

"வரல. வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா."

"நல்லா இல்ல. எனக்கு என் துண்டுப் பாட்டுதான் வேணும்."

"ஒங்கம்மா எப்ப கடைசி வரிக்கும் கேட்டா?" என்றார் பெரியவர். "மில்லுக்குப் போற டெம்போ பாலம் ஏறுனா அந்த டிரைவரு இந்தப் பாட்டப் போடுவாரு. மொதல் சரணம் முடியறதுக்குள்ள மில்லு கேட்டு வந்துடும். இவ எறங்கிடுவா. தெனம் இதே கத."

டிரைவர் என்றால், கல்யாணத்துக்கு முந்தைய என் அப்பா. மில் மூடிப் பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது போன் கம்பெனியிலிருந்து காலர் ட்யூன் பாட்டு வேண்டுமா என்று கேட்டு ஒரு குரல் வந்திருக்கிறது. அம்மா எடுத்து, சொன்ன எண்ணையெல்லாம் அழுத்தி, இரண்டாவது சரணத்தை வாங்கியிருக்கிறாள். முதல் சரணம்தான் அவளுக்குத் தெரியுமே.

ராத்திரி சாப்பிடும் முன் பாட்டைத் திரும்ப வைக்க உட்கார்ந்தேன். இரண்டு நிமிட வேலை என்று சொல்லிவிட்டேன். பல்லவி வந்தது. "இது இல்ல," என்றாள் அம்மா. மறுபடி அழுத்தினேன், வெறும் வாத்தியம் வந்தது. "இதுவும் இல்ல. குடு இப்பிடி." அப்பாவின் போனை வாங்கி, எழுத்துத் தெரியாத என் அம்மா, திரையைப் பார்க்காமலே அழுத்தினாள். "போன்ல பேசறவ முடிக்கிற வரிக்கும் பொறுக்கணும்டி. நீ நடுவுல நடுவுல அமுத்தற."

வைத்தாயிற்று. நான் என் போனிலிருந்து அப்பாவுக்குப் போட்டு அவர் காதில் கொடுத்தேன். அவர் போன் எதிரே பாயில் கிடந்து அதிர்ந்தது. அப்பா தலையைச் சாய்த்து, முதல்முறையாகத் தன் பாட்டைக் கேட்டார்.

"பாலத்து மேல இதத்தான் போடுவியாமே?" என்றேன்.

"அந்தக் கேசட்டுல இது ஒண்ணுதான் சிக்காம ஓடும்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"கத," என்றாள் அம்மா. நான் அதிர்கிற போனை நிறுத்தக் கையை நீட்டியபோது, "எடுத்த, கைய ஒடிப்பேன்," என்றாள்.

எனக்கு அந்தப் பிரெஞ்சுப் பாட்டு இன்னும் பிடிக்கும். குழுவில் எழுதியதை நான் மாற்றவில்லை. ஆனால் போன வாரம் அலுவலகத்தில் மூன்று மணிக்கு, கோப்புகளுக்கு நடுவே, அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது; அம்மா சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டேன். பாட்டு வந்தது. மழையில் நின்றவன் கெஞ்சினான், கெஞ்சி முடித்தான், திரும்பவும் ஆரம்பித்தான். அப்பா எடுக்கவில்லை.

பக்கத்தில் வந்து நின்ற மேடம் கையை நீட்டினார். "எனக்குங் கொஞ்சம் குடும்மா."