அசைந்த பிறகே விசில்

தொண்ணூறுகளில் துடியலூர்ப் பக்கம், கை கால் வசப்படாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒருமுறை போயிருந்தேன். டிரில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டிரில் டீச்சர் ஒல்லியானவர். கழுத்தில் விசில், சேலையெல்லாம் மண். பிள்ளைகளோடு தானும் பாயில் படுத்துக்கொண்டுதான் பாடம் நடத்தினார்.

ஒரு சிறுமியின் பாதத்தை ஒட்டிப் பந்தை வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பாய்வரை வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், விசில் ஊதலீங்களா?" என்றேன்.

"நான் ஊதி அவ ஆரம்பிக்கறதில்லீங்க. அவ ஆரம்பிச்சாத்தான் நான் ஊதோணும். சித்த பொறுங்க."

சிறுமியின் கால் கட்டைவிரல் அசைந்தது. பந்து துளி நகர்ந்தது. டீச்சர் ஊதிய ஊதலில் வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் கிளம்பின.

இன்றும் எங்காவது விசில் கேட்டால், யார் அசைந்தார்கள் என்றுதான் திரும்பிப் பார்க்கிறேன்.