எட்டாவது படிவம்

ஆய்வுக் குழுத் தலைவர் தேன்மொழி த/பெ லெட்சுமணனுக்கு வயது பதினொன்று. மலேசியாவின் கோத்தா திங்கியிலிருந்து அரை மணி நேரம் தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறார். தந்தையார் லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். தாயார் புஷ்பவள்ளி தொழிற்சாலை பஸ் பிடிக்க விடியும் முன்னே கிளம்புகிறவர். தலைவருக்கு இரட்டைச் சடை. அதில் ஒன்று எப்போதும் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். இதை அவரிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரை விட்டுப் போய்விட்டதால், பள்ளி விடுமுறைக்குப் பிறகு அது சரி செய்யப்படவே இல்லை.

அந்த ஒரே ஆள் கஸ்தூரி. அவளுடைய அப்பா தங்கராஜுவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. குடும்பம் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஸ்கூடாய்க்குக் குடிபெயர்ந்தது. பள்ளி மாற்றத்துக்கான பாரங்கள், அதாவது படிவங்கள், இன்னும் எந்த மேசையிலோ கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. அதனால் ஐந்தாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் பெயர்கள் எட்டு, வகுப்பில் நாற்காலிகள் எட்டு, உட்காருகிறவர்கள் மட்டும் ஏழு.

தேன்மொழியும் கஸ்தூரியும் முதலாம் ஆண்டிலிருந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கேண்டீனில் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, இருவரும் பங்கிடுவார்கள். முட்டை தேன்மொழிக்கு, நெத்திலி கஸ்தூரிக்கு. நான்கரை ஆண்டுகள் எந்த எல்லைத் தகராறும் இல்லாமல் நடந்த இருதரப்பு ஒப்பந்தம் அது. இப்போது தலைவர் முழுப் பொட்டலத்தையும் தனியாக உண்கிறார். நெத்திலியை ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார். பிறகு அதைக் கேண்டீன் பூனை தின்கிறது.

இந்நிலையில்தான் வகுப்பாசிரியை ஷாமளா அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பை வெளியிட்டார்: தமிழ்ப் பாடநூலைப் பற்றி ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மாணவர்களே ஆராய வேண்டும். கேள்விகள் ஐந்து. முடிவுகளைப் பட்டை வரைபடமாக மணிலா அட்டையில் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தேன்மொழி தலைவரானார். நான்கு நிறப் பேனா வைத்திருந்த காரணத்தால் குணாளன் செயலாளரானான்.

களப்பணி செவ்வாய்க்கிழமை பள்ளித் தோட்டத்து மரவள்ளிச் செடிப் பக்கம் நடந்தது. ஒரு மாணவி பாடநூலில் தனக்குப் பிடித்தது அட்டை என்றாள். இன்னொருவன் பிடிக்காதது அதன் எடை என்றான். கவின் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் தந்தான்.

“ஓகே லா.”

“எது ஓகே?” என்றார் தலைவர்.

“எல்லாந்தான்.”

குழு உறுப்பினர்கள் தங்கள் படிவங்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். புதன்கிழமை காலைக்குள் ஏழு படிவங்களும் சேர்ந்துவிட்டன. குணாளன் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, தலைவரின் கோப்பில் மிச்சமிருந்த வெற்றுத்தாளைத் தூக்கிக் காட்டினான்.

“இது என்னா? எட்டாவது ஆளு யாரு? பேயா?”

“கஸ்தூரி.”

“அலமாக்! அவதான் போயிட்டாளே!”

“பதிவேட்டுல பேரு இருக்குல்ல? பேரு இருந்தா கிளாஸ்மேட்தான்.”

தலைவர் இதற்கு அறிவியல் காரணமும் வைத்திருந்தார். ஏழால் வகுத்தால் விழுக்காடு முடிவே இல்லாமல் ஓடுகிறது. எட்டால் வகுத்தால் பன்னிரண்டரையில் ஒழுங்காக நின்றுவிடுகிறது. ஆகவே ஆய்வின் தரத்துக்காக எட்டாவது கருத்து அவசியம். இதைச் சொல்லும்போது அவர் கஸ்தூரியின் காலி நாற்காலியில் கால் வைத்திருந்தார். வேறு யாரும் அதை இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக, விடுமுறை முடிந்த நாளிலிருந்தே அப்படித்தான் வைத்திருக்கிறார்.

கருத்தைப் பெறத் தொலைத்தொடர்பு வழிகள் முயலப்பட்டன. ஷாமளா டீச்சர் கஸ்தூரி அம்மாவின் பழைய எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். ஒரே ஒரு டிக் விழுந்தது. “புது நம்பர் எடுத்திருப்பாங்கம்மா. எங்கிட்ட இல்ல” என்றார். அன்று மாலை தலைவர் தரைவழிப் போக்குவரத்தை விசாரித்தார்.

“அப்பா, உங்க லோரி ஸ்கூடாய்க்குப் போகுமா?”

லெட்சுமணன் சட்டையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். “என் லோரி மில்லுக்குத்தான்டா போகும். ஏன், ஸ்கூடாய்ல என்ன குலை இருக்கு?”

“ஒரு பாரம் குடுக்கணும்.”

மகளின் கோணல் சடையைப் பார்த்தார் அவர். “தீபாவளிக்குப் போகலாம்டா” என்றார். தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்.

வியாழக்கிழமை செயலாளர் குணாளன் பெரும் குற்றம் ஒன்று செய்தான். எட்டாவது படிவத்தைத் தானே பச்சை மையில் நிரப்பிக் கொண்டுவந்தான். பிடித்த பாடம்: திருக்குறள்.

“திருக்குறளா?” தலைவரின் குரல் கேண்டீன் வரை போனது. “கஸ்தூரிக்கா? மனப்பாடம்னாலே வயித்த வலிக்குதுன்னு டாய்லட் போயிடுவா!”

“எங்கிட்ட ஒரு தடவ ஒப்பிச்சாளே.”

“உன்னத் தொரத்தி விடுறதுக்காக ஒப்பிச்சிருப்பா.”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவளுக்குப் படக்கதைதான் பிடிக்கும் என்றாள் ஒருத்தி. அவள் படத்தையெல்லாம் பார்க்கவே மாட்டாள், கடைசிப் பக்கச் சொற்பட்டியலைத்தான் படிப்பாள் என்றான் ஒருவன். ஐந்து நிமிடத்தில் வகுப்பில் ஆறு கஸ்தூரிகள் இருந்தார்கள். ஒருத்திகூடத் தலைவருக்குத் தெரிந்த கஸ்தூரி இல்லை. தலைவர் பச்சைப் படிவத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அழத் தொடங்கினார். குழுக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அப்போதுதான் கவின் ஆண்டின் மிக நீண்ட உரையை ஆற்றினான்.

“அவ புக்கு ஸ்டோர்ல இருக்கு. போறப்போ திருப்பிக் குடுத்தா. அவளக் கேக்க முடியலன்னா புக்கக் கேளு லா.”

பாடநூல்கள் அரசாங்கம் இரவல் தருபவை. ஒருவர் படித்து முடித்ததும் அடுத்தவருக்குப் போகும். ஷாமளா டீச்சர் பாடநூல் அறையைத் திறந்து, அடுக்கிலிருந்து ஒரு பிரதியை உருவினார். உள் அட்டையில் ஒட்டியிருந்த தாளில் மூன்று பெயர்கள். கடைசிப் பெயர், கஸ்தூரி த/பெ தங்கராஜு. பயனீட்டாளர் பதில் சொல்லத் தயாராக இருந்தார்.

ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் முடித்த நாளைப் பென்சிலில் குறித்திருந்தாள். ஒன்பதாம் பாடத்தோடு தேதிகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். தலைவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினான்காம் பாடம் ஒரு நாடகம்: ராணி சாலை போடச் சொல்கிறாள், யானை வழி விட மறுக்கிறது. வகுப்பு இன்னும் அதைத் தொடவே இல்லை. ஆனால் பாத்திரங்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் கஸ்தூரியின் குண்டு எழுத்து இருந்தது. நல்ல பாத்திரத்தை வேறு யாரும் பிடிப்பதற்கு முன்பே பென்சிலால் பதிந்துவைப்பது ஐந்தாம் ஆண்டின் வழக்கம்.

ராணி – நான்.
மந்திரி – தேனு.
யானை – குணா (வேற யாரு).

குணாளன் எட்டிப் பார்த்தான். “ஏய், என்னையா யானைன்னு போட்டா?” என்று ஆரம்பித்தவன், தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நான்கு நிறப் பேனாவை அவரிடம் நீட்டினான்.

தலைவர் புதிய படிவம் ஒன்றை எடுத்தார். பிடித்த பாடம்: பதினான்கு. காரணம்: நடிக்க இருந்தார். தேதிகளையும் அழுக்கான பக்கங்களையும் வைத்து மேலும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தது. ஐந்தாவது கேள்வி, ‘இந்நூலில் என்ன மாற்றம் வேண்டும்?’ அதற்குப் புத்தகம் பதில் சொல்லவில்லை.

“பென்சில் எழுத்தையெல்லாம் அழிச்சிடும்மா” என்று டீச்சர் ரப்பரை நீட்டினார். “அடுத்தவங்களுக்குப் போற புக்கு.”

தலைவர் விதிகளை மதிக்கிறவர். ஒன்பது தேதிகளையும் அழித்தார். பதினான்காம் பாடத்துக்கு வந்ததும் ரப்பரைக் கீழே வைத்தார்.

“டீச்சர், இது ஆய்வு ஆதாரம். அழிக்கக்கூடாது.”

ஷாமளா டீச்சர் அந்த மூன்று வரிகளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. ஆய்வு முடிஞ்சதும் அழிச்சிடணும்.”

“சரிங்க டீச்சர்.”

வெள்ளிக்கிழமை மணிலா அட்டை சுவரில் ஏறியது. எட்டுப் பேர், அழகான விழுக்காடுகள். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் ஏழே பதில்கள். அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘இது இடைக்கால அறிக்கை. ஒரு பதில் வர வேண்டியுள்ளது. ஆய்வு தொடர்கிறது.’

இரண்டு மாதம் கழித்து வகுப்பு பதினான்காம் பாடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆய்வு அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் பாத்திரங்களைப் பிரித்தார். ராணிக்கு இரண்டு கைகள் உயர்ந்தன.

“ராணிக்கு ஆள் இருக்கு டீச்சர்” என்றார் தலைவர்.

டீச்சர் உயர்ந்த கைகளைப் பார்த்தார். காலி நாற்காலியையும், அதன் மேலிருந்த காலையும் பார்த்தார். “சரி, ஆரம்பிங்க” என்றார்.

மந்திரி எழுந்து, கோணல் சடையைப் பின்னால் தள்ளிவிட்டு வாசித்தார்: “தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கிறேன், மகாராணி.”

ராணிக்கு அங்கே மூன்று வரி வசனம். ஜன்னலுக்கு வெளியே குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. அடுத்த வசனம் யானையுடையது. யாரையும் பேசி முடிக்கவிடாத குணாளன், மூன்று வரிக்கான நேரம் முழுவதும், புத்தகத்தில் விரலை வைத்தபடி பேசாமல் நின்றான்.