பக்கத்து இருக்கைக்காரி

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயரே பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் இரண்டு பெடல்கள் உண்டு. இடப்பக்கம் கிளட்ச், வலப்பக்கம் பிரேக். ஆக்சிலேட்டர் கிடையாது. வேகமெடுப்பது கற்றுக்கொள்பவர் பாடு, நிறுத்துவது இவள் பாடு. லாரியின் பின்புறம், பள்ளிக்கூடச் சுவர், ஒரு முறை மாவட்ட நீதிபதியின் வீட்டு வாசல் என்று அவளுடைய வலது கால் காப்பாற்றியதற்குக் கணக்கே இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டுக் காரின் சாவி கிடையாது. அது அவள் புருஷனின் சட்டைப் பையில் இருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவனுக்குத் தான் ஓட்டுகிற லட்சணம் மட்டும் தெரியவில்லை. கிளட்ச்சில் வைத்த காலை எடுக்கவே மாட்டான். மேட்டில் கியரைக் குறைக்க மாட்டான், வண்டி மூச்சு முட்டி முனகும். ஏதாவது சொன்னால், “இது உன் ஸ்கூல் இல்ல” என்பான். பதினெட்டு வருஷமாக இதே பதில்தான்.

மகளின் பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வயல்களுக்கு நடுவே போகும் பழைய சாலையில் ஏரி வரைக்கும் போய்வருவதாக ஏற்பாடு. போகும்போது அவன், வரும்போது அவள். மகள் முன்னிலையில் பெரிய மனது பண்ணி அவனே கொடுத்த வாக்கு. அவள் அதற்காக முதல் நாளே தட்டையான செருப்பைத் துடைத்து வைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கற்றுக்கொடுக்கிற வேலைக்கு வந்ததிலிருந்து திறந்த சாலையில் அவள் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியதில்லை. எல்லாரையும் ஓட்ட வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏரியில் காற்று வாங்கி, கொண்டுபோனதைச் சாப்பிட்டு முடித்ததும் அவன் சாவியோடு பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தான். சாலை குறுகல், வெயில் எதிரே அடிக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். அவள் அவன் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இறங்குங்க.”

“பழக்கமில்லாம எதுக்கு வீம்பு?”

“இறங்குங்கன்னு சொன்னேன்.”

பின்னால் மகள் இருந்ததால் இறங்கினான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

முதல் இரண்டு வளைவுகளில் வண்டியைக் கொஞ்சம் அகலமாகத் திருப்பிவிட்டாள். மூன்றாவதில் சரியாகிவிட்டது. நாலாவதில் கியரைக் குறைத்து மேடேறியபோது என்ஜின் முனகாமல் ஒரே சீராக இழுத்தது. இருபுறமும் பயிர் பின்னால் ஓடியது, கண்ணாடி இறக்கிய ஜன்னலில் மண் வாசனை வந்தது. மகள் சீட்டைத் தட்டி இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. இவ்வளவு சுகத்தையா இவன் இத்தனை வருஷம் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தான்?

ஐந்தாவது வளைவில் வயல் பாதையிலிருந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலைக்குள் நுழைந்தது. அவள் கால் யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் வலப்பக்கப் பெடலை ஓங்கி மிதித்தது. ஓட்டுநரின் காலடியில் அந்த இடத்தில் இருப்பது ஆக்சிலேட்டர். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. மகள் அலறினாள். அடுத்த நொடியில் அவள் காலை இழுத்துப் பிரேக்கை அழுத்த, என்ஜின் அணைந்து, வைக்கோல் கண்ணாடியில் உரசும் தூரத்தில் வண்டி நின்றது. டிராக்டர்காரர் திட்டிக்கொண்டே போனார்.

அவன் நிதானமாகக் கையை நீட்டினான்.

“இதுக்குத்தான் சொன்னேன். சாவியக் குடு.”

அந்த நிதானம்தான் அவளைப் பற்றவைத்தது. கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தவறு அவளுடையதுதான், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. மகளின் உயிரோடு விளையாடப் பார்த்த காலை வெட்டிப்போடலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் காலுக்கு நிறுத்துவதைத் தவிர வேறெதையும் பழக விடாதது யார்? அவள் சாவியைக் கையால் மூடிக்கொண்டாள்.

“என் கால் பக்கத்து சீட்டுக்குப் பழகிப்போச்சு. பதினெட்டு வருஷம் அங்கேயே உட்கார வச்சா வேற எதுக்குப் பழகும்? இப்ப மறுபடி பழகணும். நீங்க பின்னாடி போங்க. நீ முன்னாடி வாடி.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“பின்னாடி போங்க. இல்லன்னா நடந்து வாங்க.”

அவன் மகளைப் பார்த்தான். மகள் இன்னும் முன் சீட்டை இறுகப் பிடித்தபடிதான் இருந்தாள். ஆனாலும் இறங்கிவந்து முன் கதவைத் திறந்து, அப்பா எழுந்துகொள்ளட்டும் என்று காத்து நின்றாள்.

அவள் வண்டியைக் கிளப்புமுன் மூன்று பெடல்களையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தாள், முதல் நாள் வகுப்புக்கு வந்தவளைப் போல, பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. பின்னாலிருந்து செருமல் கேட்டது. அவள் திரும்பவில்லை. இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்து, அப்புறம் மூன்றாவதுக்குப் போனாள்.

அரை மணியில் வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அவள் நேராகப் போனாள். வழி தப்பிவிட்டதாகப் பின்னாலிருந்து குரல் வந்தது. தெரியும் என்றாள். ஆத்திரம் அடங்குகிற வரைக்கும் ஓட்டுவதென்று இருந்தாள், டேங்க்கில் முக்கால்வாசி இருந்தது.