நாற்பது அடீனியம்

நாற்பது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்பிடித்த அடீனியம் நாற்பது இருந்தால், கெலிஓயாவில் ஜெஸீமாவின் பூச்செடிக் கடையில் அங்கம்மாவுக்கு நிரந்தர வேலை. ஒன்று குறைந்தாலும் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு திரும்ப மலை ஏற வேண்டும். முழங்கால் அதற்குச் சம்மதிக்காது. தோட்டத்தில் முழங்காலை யாரும் சம்மதம் கேட்பதில்லை.

வத்தேகமவுக்கு மேலே, தோட்டத்து லய வீட்டின் பின்புறத் தகரக் கூரைக்கடியில், தாய்ச்செடிகளை மொட்டையடித்து அறுபது குச்சி நட்டிருந்தாள். பாலைவனத்துச் செடி. வெட்டுவாயை ஒரு வாரம் உலர்த்தி, மணலும் கரியும் கலந்து ஊன்றி, அப்புறம் தண்ணீரை மறந்துவிட வேண்டும். கண்டி மழையில் அதுதான் பெரும்பாடு.

முழங்காலுக்காக ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாள். குச்சிகளின் மேல் பொலித்தீன் கூடாரம். உள்ளே நீர் முத்துமுத்தாய் வழிந்தது.

"யாருடி இத மூடுனது?"

"நான்தான் அண்ணி," என்றாள் நாத்தனார் யசோதினி, பெருமையாக. தேயிலை நாற்று மேடையில் பதினொரு வருடமாக வேலை செய்பவள். "ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனேன். காஞ்சு கெடந்துச்சு, பாவம்."

"பாவமா? கொன்னுட்டியேடி! இது என்ன தேயிலக் குச்சியா?"

ஒன்றைப் பிடுங்கி அடியை அழுத்தினாள். கனிந்த வாழைப்பழமாய் நசுங்கியது.

இருவரும் பிளேடோடு உட்கார்ந்தார்கள். அறுபதின் அழுகிய அடியையும் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினார்கள்.

"பால் கண்ணுல படாம பாரு, விஷம்."

"நீங்க பாக்குற பார்வைய விடவா அண்ணி?"

மழை விடவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் குச்சிகளைப் பரப்பி ஒரு வாரம் உலர்த்தி, மறுபடி நட்டார்கள். யசோதினி அந்தப் பக்கம் ஒரு குவளைத் தண்ணீரோடுகூடப் போகவில்லை.

ஆறாம் வாரம் ஜெஸீமா வந்தாள்.

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு அண்ணி, பேசாம இருங்க," என்று கிசுகிசுத்தாள் யசோதினி.

ஜெஸீமாவின் காதில் அது விழுந்துவிட்டது. "எலயப் பாத்து ஏமார்ற ஆளில்ல நான். இழுத்துப் பாப்பன்."

"இழுங்க ராத்தா," என்றாள் அங்கம்மா.

முதல் குச்சி அசையவில்லை. இரண்டாவது கையோடு வந்தது.

"இது மவுத்து," என்று ஓரமாய்ப் போட்டாள் ஜெஸீமா. மூன்றாவதும் மவுத்து. யசோதினி கண்ணை மூடிக்கொண்டாள். அங்கம்மா மூடவில்லை, நிற்பதை மட்டும் வாய்விட்டு எண்ணினாள். அறுபதாவதையும் இழுத்துப் பார்த்துவிட்டு ஜெஸீமா நிமிர்ந்தாள்.

"எத்தின?"

"நாப்பத்திரண்டு."