அத்தை கருக்கிய காப்பிக்கொட்டை

ஒன்பது வயதில் நான் ஒரு பெரிய முட்டாள். அடக்கத்தினால் சொல்லவில்லை; சாட்சிகள் இருக்கிறார்கள். என் அத்தை வெகு பாடுபட்டுக் கெடுத்து வைத்த ஒரு காரியத்தை, யாரும் கேட்காமலே சரிசெய்து கொடுத்தவன் நான்.

அப்போது போடியில் இருந்தோம். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. மதுரையில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்தச் சமயம் பார்த்துத் தேனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. காப்பிக்கொட்டை வியாபாரிகள். பெண்ணுக்குப் பாட்டு வருமா, கோலம் வருமா என்றெல்லாம் கேட்கிறவர்கள் இல்லை. பெண் தன் கையால் வறுத்து அரைத்துப் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்தால் போதுமாம். "அதுலயே தெரிஞ்சிரும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று காலை அத்தை கொல்லையில் கரி அடுப்பை மூட்டி, கொட்டையை இரும்பு உருளைக்குள் போட்டு மேலே ஏற்றினாள். கைப்பிடியைச் சுற்றுவது வழக்கம்போல் என் வேலை. உள்ளே படபடவென்று பொரிகிற சத்தம் வந்து அடங்கும்போது 'போதும்' என்பாள். உடனே முறத்தில் கொட்ட வேண்டும். அன்று சத்தம் வந்தது, அடங்கியது, அவள் வாயைத் திறக்கவில்லை. புகை கிளம்பியது.

"அத்தே, கருகுது!"

"கருகட்டும். நீ சுத்து."

பாவம், மாப்பிள்ளை நினைப்பில் மயங்கிக் கிடக்கிறாள் என்று முடிவு செய்தேன். கடைசியில் முறத்தில் விழுந்ததற்கும் அடுப்பில் இருந்த கரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு, "அரைச்சு ஃபில்டர்ல போட்டு வையி" என்று சொல்லித் தலை பின்னிக்கொள்ள உள்ளே போனாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைக் குடித்தால் தேனிக்காரர்கள் எழுந்து போய்விடுவார்களே! குடும்ப மானம் மொத்தமும் என் தலையில் இறங்கியதுபோல் இருந்தது. கருகியதை வாழைமரத்தடியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். சாக்கிலிருந்து புதுக் கொட்டை அள்ளி நானே வறுத்தேன். சத்தம் அடங்கியதும் எனக்கு நானே 'போதும்' சொல்லிக்கொண்டேன். பலகையில் முடுக்கியிருந்த கைமிஷினில் தொங்கித் தொங்கி அரைத்து, ஃபில்டரில் போட்டு, வெந்நீரை ஊற்றி மூடும்போது வாசலில் கார் வந்து நின்றது. வந்தவர்கள் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் டிகாஷன் இறங்கிவிட்டது.

அத்தை தலையைக் குனிந்தபடி காப்பி கொடுத்தாள். குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார்.

"என்னா பக்குவம்! இந்தக் கைய விட்டுட்டுப் போனா நாங்க யாவாரிகளே இல்ல. இன்னொரு தம்ளர் கொண்டா தாயி."

அந்தக் கை கதவுக்குப் பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. அன்று பெண் பார்க்கப்பட்டது என்னவோ நான்தான்.

அத்தையின் சிரிப்பு போய்விட்டது. அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. "அப்ப தட்ட மாத்திக்கிருவமா?" என்றார்.

அத்தை காப்பித்தட்டைத் தரையில் வைத்தாள்.

"அண்ணே, மதுரையில எனக்கு ட்ரெயினிங் சீட்டு கெடச்சிருக்கு. ரெண்டு வருசம். அத முடிச்சாத்தேன் கல்யாணம்."

அப்பாவின் கை துண்டைத் தேடியது. அதுவரை பேசாதிருந்த மாப்பிள்ளை தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படிச்சிட்டே வரட்டும்மா. பச்சக் கொட்டையக் காயவிடாம வறுக்கவா செய்யிறோம்?"

"அதுவரைக்கும் நான் என்னத்தடா குடிக்க?" என்றார் அந்த அம்மா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவும் சிரித்தார்.

கார் போனதும் பாராட்டு வாங்கக் கொல்லைக்கு ஓடினேன். அத்தை மிச்சக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கருகுனதக் கொட்டிட்டு நான்தேன் வேற வறுத்தேன். இல்லாட்டி மானம் போயிருக்கும்ல?"

அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். திருகிய கையாலேயே தலையையும் தடவினாள். இரண்டில் எது எனக்குரிய பரிசு என்று விளங்காமல் நின்றேன்.

"ஒன்னாலதேன்டா நானே வாயத் தெறக்க வேண்டியதாப் போச்சு."