என்னைப் பார்த்தால் தறி நின்றுவிடுகிறது

விசைத்தறிக்காரர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்த்து எழுதுவதுதான் என் ஆய்வு. அதற்காக இன்று ஒன்பதாவது முறையாகச் சோமனூர் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததுமே, வீட்டிலேயே தறி போட்டு ஓட்டும் சரசக்கா அதை நிறுத்திவிட்டார்.

"ஊட்டுக்கு வந்தவங்கள இந்தச் சத்தத்துலயா உக்கார வெக்கறது? இருங்க அம்மணி, காப்பி வெக்கறேன்."

"அக்கா, நான் தறி ஓடறதப் பாக்கத்தானுங்க வந்தேன்."

"அதெங்க போயிருதுங்க? மொதல்ல குடிங்க."

என் நோட்டில் இதுவரை இருப்பது ஒன்பது காப்பி மட்டும்தான்.

விடைபெற்றுத் தெருமுனைக்கு வருவதற்குள் தறிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் சன்னலில் எட்டிப் பார்த்தேன்.

தறி நின்றது.

"ஏனுங்க அம்மணி, வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க!"

அழுகையே வந்துவிட்டது. நாளை என் நெறியாளரிடம் முதல் அத்தியாயம் கொடுக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் விருந்தாளி ஆகாமல் ஒரு வீட்டுக்குள் போவது எப்படி? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். தயவுசெய்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள்.