பொருந்தாத வால்வு

பழைய கம்ப்யூட்டரில் பொருந்தாத புதுக் கார்டை மகன் இன்று அழுத்தியபோது, திறந்த பெட்டியிலிருந்து எழுந்த சூடான தூசி வாசனை, தீவில், டெலானிபூரில் இப்போது இல்லாத எங்கள் மரவீட்டின் ரேடியோ முன்னால் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது. மாயாபந்தரில் முந்தின நாள் வீடு திரும்பப் படகேறிய வாப்பா இன்னும் வந்துசேரவில்லை. தகரக்கூரையைக் காற்று பிறாண்டிக்கொண்டிருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த புதுக் கண்ணாடிக்குழல் வால்வின் ஒல்லிக் கால்கள் ரேடியோவின் பழைய துளைகளில் நிற்காததால், எரிந்துபோன வால்வின் அடிக்கட்டையைப் பெயர்த்தெடுத்து, புதியதை அதனோடு கம்பி கம்பியாகப் பற்றவைத்தான் அண்ணன்.

“ஜல்தி பண்ணுடா, புயல் கபர் வாசிச்சு முடிச்சிருவான்,” என்றாள் உம்மா.

ரேடியோ சூடாகி, கரகரத்து, படகுகள் எதுவும் கடலில் இறங்க வேண்டாம் என்றது.

“கழட்டிருடா,” என்றாள் உம்மா. “செத்த வால்வே நல்லாருந்துச்சு.”